ரொட்டியின் மறுபாதி

"சாமி, ரொட்டிக்கு ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கத்தை நான் பிடிச்சுக்கறேன். இன்னொரு பக்கத்தை யார் பிடிப்பா? சுவரா?"

தொலைபேசியின் மறுமுனையில் பாதிரியார் கவ்ரிலோ பெருமூச்சு விட்டார்.

"அதிதூதர் மிக்கேல் நாள்னா டவுன்ல பாதி வீட்டுல திருநாள், ஒப்ரென். எனக்குக் கால் ரெண்டுதான். நீ ரொட்டியை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு வந்துடு. இங்கேயே ஜெபம் பண்ணி, நானும் நீயுமாப் பிச்சுடலாம்."

"எங்க தாத்தா காலத்துலேருந்து அதிதூதர் இந்த வாசலுக்குத்தான் வந்துட்டிருக்கார். நான் டவுன்ல வந்து நின்னா, அவர் இங்க கதவைத் தட்டிப் பார்த்துட்டு ஏமாந்து போயிடுவாரே."

"அவருக்கு இறக்கை இருக்குய்யா. டவுனுக்குப் பறந்து வந்துடுவார்."

"உங்களுக்கு வண்டி இருக்கு, சாமி."

ஒப்ரெனின் ஊரான ரூதினாவுக்கு வரும் சாலையைச் சுரங்கம் பாதியில் கடித்துத் தின்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். சுற்றிக்கொண்டு வந்தால் அரை நாள் போய்விடும். "கடவுள் ஒருத்தரை அனுப்புவார்" என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் தொலைபேசியை வைத்தார்.

ஒப்ரென் சன்னலருகே போய் நின்றார். ஒரு காலத்தில் அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி தெரியும். அதற்கப்பால் கோயில் கோபுரம் தெரியும். இப்போது பள்ளம்தான் தெரிந்தது. பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய பள்ளம். அடிவாரத்தில் ஒரு பெரிய இயந்திரம் தன் பல்சக்கரத்தால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் நிறுவனம் கொடுத்ததை வாங்கிக்கொண்டு டவுனில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கல்லறைத் தோட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். அவர் மனைவி ஸ்தானா இறந்த பிறகும் ஒரு முறை வீடு மாறினாள். மிச்சம் இருந்தது ஒப்ரெனின் வீடும், நாலைந்து பிளம் மரங்களும், ஒப்ரெனும்தான்.

குலப் புனிதரின் திருநாளை, ஸ்லாவாவை, கொண்டாடும் எந்த வீட்டிலும் ஒரு விதி உண்டு. யாரையும் அழைக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்து, மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் தாங்களாக வர வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். பிறகு வீட்டுக்காரர் ஒரு பக்கமும் விருந்தாளி ஒரு பக்கமுமாகத் திருநாள் ரொட்டியைப் பிடித்துச் சுற்றி, திராட்சை ரசம் ஊற்றி, இரண்டாகப் பிய்க்க வேண்டும்.

ஊர் இருந்தபோது இந்த விதியால் ஒரு தொல்லையும் இல்லை. வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. போன வருஷம் யாரும் வரவில்லை. ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் மகள் கோர்தானா, "செல்போன்ல நானும் இருக்கேன்பா" என்றாள். ஒப்ரென் செல்போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து அதன் முன்னால் ரொட்டியைச் சுற்றினார். செல்போன் வழுக்கிக் கோழி சூப்புக்குள் விழுந்தது. "அப்பா, எல்லாம் மஞ்சளாத் தெரியுது" என்றாள் கோர்தானா. அதோடு அவள் குரல் நின்றுவிட்டது. கடைசியில் அவர் ரொட்டியின் ஒரு பக்கத்தைக் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பிய்த்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் அதிதூதரின் படத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த வருஷம் கதவோடு ரொட்டி பிய்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். ஒரே ஒரு ஜோடிக் கை வேண்டும். ஆனால் கூப்பிடக் கூடாது.

அவர் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் சுரங்க நிறுவனத்தின் நில அதிகாரி த்ராகிஷா. செவ்வாய்க்கிழமை தவறாமல் கையெழுத்து வாங்க வருவார். இன்னொருத்தி துன்யா. சுரங்கத்தை எதிர்க்கும், தலைநகர் பெல்கிராத் பிள்ளைகளின் தலைவி. கையெழுத்துப் போட்டுவிடாமல் தடுப்பதற்காக அவ்வப்போது வருவாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் வர மாட்டார். போடவே மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் இவள் வர மாட்டாள். ஆகவே ஒப்ரென் நான்கு ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. த்ராகிஷா வந்தார். ஒல்லியான உயரமான மனிதர். கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். உள்ளே வருமுன் காலணியை நன்றாகத் துடைப்பார். காபி குடித்தால் கோப்பையைத் தானே கழுவி வைப்பார்.

"நல்ல ஃபிளாட், பெரியவரே" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். "லிஃப்ட் உண்டு. குளிர்காலத்துல குழாய் வழியா வீட்டுக்கே சூடு வந்துடும்."

"அந்தச் சூடு எங்கேருந்து வருது, ஆபீசரே?"

"நிலக்கரியிலேருந்து."

"நிலக்கரி எங்கேருந்து வருது?"

"உங்க வீட்டுக்கு அடியிலேருந்து."

"அப்ப நான் அடுப்பு மேலேயே உக்காந்திருக்கேன். இதை விட்டுட்டு எதுக்கு லிஃப்ட்ல ஏறணும்?"

இருவரும் சிரித்தார்கள். ஒவ்வொரு செவ்வாயும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பிறகு ஒப்ரென், நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"ஆபீசரே, நான் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். வியாழக்கிழமை."

த்ராகிஷாவின் கோப்பை உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

"எதுல?"

"எதுலயா? நாலு வருஷமா நீங்க நீட்டுற காகிதத்துலதான்."

ஒப்ரென் அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். மாறாக மனிதரின் முகம் வெளுத்துவிட்டது.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா, பெரியவரே?"

"நல்லாத்தான் இருக்கேன். வியாழக்கிழமை மத்தியானம். அன்னைக்கு மட்டும்தான் போடுவேன். வெள்ளிக்கிழமை வந்து கேட்டா கிடையாது."

"வியாழக்கிழமை உங்க வீட்டுத் திருநாளாச்சே. வீட்டை வாங்க வர்றவன் அன்னைக்கு வாசப்படி மிதிக்கலாமா? கூடாது, கூடாது. அடுத்த மாசம் பார்க்கலாம். இல்ல, பனியெல்லாம் உருகட்டும். இந்த மாதிரி விஷயத்துல அவசரப்படவே கூடாது."

"போடு போடுன்னு உயிரை எடுத்தது யாரு?"

"கேக்கறது என் வேலை, பெரியவரே. போடறது... அதை நீங்க நல்லா ஆற அமர யோசிக்கணும்."

அன்றைக்கு அவர் கோப்பையைக் கூடக் கழுவாமல் புறப்பட்டார். 'வருவீங்கதானே?' என்று கேட்க ஒப்ரெனின் நாக்கு துடித்தது. கேட்டால் அது அழைப்பு ஆகிவிடும். அடக்கிக்கொண்டார்.

த்ராகிஷா விலையைக் குறைக்கத்தான் நழுவப் பார்க்கிறார் என்று ஒப்ரென் நினைத்தார். வருவாரா, மாட்டாரா? நிச்சயமில்லை. ஒருவரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. துன்யாவுக்குப் போன் செய்தார்.

"துன்யாம்மா, சும்மா உன் காதுல போட்டு வைக்கலாம்னுதான். வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போடப் போறேன்."

செல்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"தாத்தா! போடக் கூடாது! நீங்கதான் எங்க அடையாளம்! உங்க முகத்தைப் போட்டுச் சட்டையே அச்சடிச்சிருக்கோம்!"

"எந்த முகம்?"

"நீங்க தும்மறப்ப எடுத்தது. பார்க்க ரொம்பக் கோபமா இருக்கும். நான் வரேன் தாத்தா. வியாழக்கிழமை உங்க வாசல்ல குறுக்கே படுத்துக்கறேன்."

"படுக்க வேணாம்மா, தரை ஈரம். உள்ள வந்து உக்காந்தா போதும்."

மனம் நிறைந்து, ஒப்ரென் பீப்பாயிலிருந்து ஊறிய கோஸ் இலைகளை எடுத்து இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்ட ஆரம்பித்தார். ஒரு பாத்திரம் போதும். அவர், துன்யா, கடவுள் சித்தம் இருந்தால் த்ராகிஷா.

புதன்கிழமை காலையில் துன்யா கூப்பிட்டாள்.

"தாத்தா, கவலையே படாதீங்க. நீங்க தனியா இல்லை. விஷயத்தை இணையத்துல போட்டுட்டேன். ஒரு பஸ் நிறைஞ்சாச்சு. இன்னொண்ணு பேசிட்டிருக்கோம். டிவியும் வருது."

ஒப்ரென் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க எல்லாரும் என்னம்மா சாப்பிடுவாங்க?"

"அய்யோ, சாப்பாடெல்லாம் எதுக்கு? பாதிப் பேர் இறைச்சியே தொட மாட்டாங்க. போராட்டத்துக்கு வர்றவங்க யாரு தாத்தா சாப்பிடுவா?"

திருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போவதா! ஒப்ரெனுக்கு அதிர்ச்சி தாங்கவில்லை. பிளம் ஜாம் காய்ச்சும் பெரிய அண்டாவைக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். அதில் கோஸ் சுருள், பழைய பாத்திரத்தில் இறைச்சி தொடாதவர்களுக்கு மொச்சை. சுருட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ஒருவேளை த்ராகிஷாவும் வந்துவிட்டால்? அத்தனை பேர் கூடி அந்த மனிதரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினால்? காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிற ஆள். தாங்க மாட்டார்.

வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால் த்ராகிஷாவின் எண் அவரிடம் இல்லை. செவ்வாய் வந்தால் ஆள் வருவார். எண் எதற்கு? நிறுவனத்தின் எண் என்று அவருக்குத் தெரிந்தது பழைய பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஒன்றுதான்.

"தூசிப் புகார்ப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல். "தூசி கறுப்பா, சாம்பலா?"

"தூசி இல்லம்மா. நாளைக்கு ரூதினா பக்கம் உங்க ஆளுங்க யாரும் வர வேணாம்னு சொல்லிடுங்க. இங்க கொஞ்சம் கூட்டமா இருக்கும்."

"கூட்டமா? எங்கிட்ட கறுப்பு, சாம்பல் ரெண்டுதான் இருக்கு."

"அப்ப சாம்பல்னே வச்சுக்குங்க. யாரும் வராம இருந்தா சரி."

"இருங்க, இருங்க. என்ன கூட்டம்?"

"பெல்கிராத்லேருந்து பிள்ளைங்க. தங்கமான பிள்ளைங்க. சுரங்கத்தை மூடணும்கறாங்க."

அந்தப் பெண்ணின் கணவர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். அது ஒப்ரெனுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் திரும்பவும் போன் அடித்தது. இந்த முறை காவல் நிலையம்.

"ஒப்ரென் தாத்தாவா? நாளைக்கு உங்க வீட்டுல ஊர்வலம் நடத்த அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"ஊர்வலம் இல்லீங்க. என் வீட்டுத் திருநாள்."

"யார் யாரைக் கூப்பிட்டிருக்கீங்க?"

"யாரையும் கூப்பிடலை."

"கூப்பிடாமலே பெல்கிராத்லேருந்து ரெண்டு பஸ்ஸு, சுரங்கத்துலேருந்து ரெண்டு பஸ்ஸு, ஒரு டிவி வண்டி வருதா?"

"சுரங்கத்துலேருந்தா?"

"எதிர்ப்புக்கு எதிர்ப்பு. சங்கத் தலைவர் மிலுன் கிளம்பிட்டாரு. சொல்லுங்க தாத்தா, யாரும் கூப்பிடாம யாராவது வருவாங்களா?"

"ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா, சார்?"

மறுமுனையில் காவலர் கொஞ்சம் திணறினார். "அது எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல புனித நிக்கோலா" என்று முனகினார். பிறகு விறைப்பாக, "சரி, நாங்களும் வரோம். நாங்க எப்பவுமே கூப்பிடாம வர்றவங்கதான்" என்று வைத்துவிட்டார்.

ஒப்ரென் அதிதூதரின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வாளேந்திய மிக்கேல், வானகப் படைகளின் தலைவர், அவரைக் குனிந்து பார்த்தார்.

"நான் ஒரு ஜோடிக் கைதானே கேட்டேன்" என்றார் ஒப்ரென். "படையையே அனுப்பிட்டியே."

பிறகு இன்னும் கொஞ்சம் அரிசி ஊறப்போட்டார்.

வியாழக்கிழமை முதலில் வந்தவர் த்ராகிஷா. கோட்டைத் தேய்த்துப் போட்டிருந்தார். ஒரு கையில் வழக்கமான தோல்பை, மறு கையில் ஒரு பொட்டலம் காபித்தூள். வாசல் கதவைத் தொடாமல் வெளியிலேயே நின்றார்.

"திருநாள் வாழ்த்துகள், வீட்டுக்காரரே. நான் வரலாமா, கூடாதான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

"வந்தாச்சுல்ல? உள்ள வாங்க. சீக்கிரம் வாங்க. கூட்டம் வருது."

"என்ன கூட்டம்?"

சொல்லி முடிப்பதற்குள் பேருந்துகளின் சத்தம் கேட்டது. வடக்கிலிருந்து பெல்கிராத் பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லார் மார்பிலும் ஒப்ரென் தும்மிக்கொண்டிருந்தார். 'நிலக்கரி வேண்டாம், மூச்சு வேண்டும்' என்று துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள். தெற்கிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் தலைக்கவசத்தோடு இறங்கினார்கள். அவர்கள் துணியில், 'மூச்சு மட்டும் விட்டால் வயிறு நிறையுமா?' என்று இருந்தது. நடுவில் காவலர்கள். ஓரத்தில் கேமரா.

"தாத்தாவை விற்க விடமாட்டோம்!" என்று துன்யா கத்தினாள்.

"தாத்தா சொத்து, தாத்தா இஷ்டம்!" என்று மிலுன் கத்தினார். மிலுன் அகலமான ஆள். குரலும் அகலம். "நீங்க எதுக்குடா பஸ் ஏறி வந்தீங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்க வந்ததாலதான்!"

த்ராகிஷா சன்னல் திரைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். இதற்கு மேல் என்ன செய்வது என்று ஒப்ரெனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: மத்தியானம் ஆகிவிட்டது. அதிதூதரைக் காக்க வைக்கக் கூடாது. சிலுவை போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார். வாசல் கதவின் இரண்டு பலகைகளையும் விரியத் திறந்தார்.

தேன்மெழுகின் வாசமும் கோஸ் சுருளின் வாசமும் சேர்ந்து வெளியே போயின. முதலில் பார்த்தவர் நேற்று போன் செய்த அந்தக் காவலர்தான்.

"டேய், மெழுகுவர்த்தி ஏத்தியாச்சு" என்று தன் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார். "தொப்பியைக் கழட்டுங்க."

தொப்பிகள் இறங்கின. அதைப் பார்த்துத் தலைக்கவசங்கள் இறங்கின. கூச்சல் பின்வரிசை வரை படிப்படியாக அணைந்தது. திருநாள் வீட்டின் வாசலில் சண்டை போட அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

மிலுன் தலையைச் சொறிந்தார். "நாங்க சாப்பிட வரலை, வீட்டுக்காரரே. ஆனா மெழுகுவர்த்தி எரியற வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு நுழையாம போனேன்னு தெரிஞ்சா, எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து அடிப்பா."

"எல்லாரும் வாங்க" என்றார் ஒப்ரென். "இடம் இருக்கு."

இடம் இல்லை. ஆனாலும் வந்தார்கள். இரண்டு கட்சித் துணிகளும் பிளம் மரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன.

ரொட்டியை எடுத்தபோது அடுத்த குழப்பம் வந்தது. மறுபாதியை யார் பிடிப்பது? கேமரா தயாராக இருந்தது. "நான் பிடிக்கிறேன் தாத்தா" என்று துன்யா ஒரு பக்கம் கை நீட்டினாள். "நகரும்மா, இதெல்லாம் பெரியவங்க காரியம்" என்று மிலுன் இன்னொரு பக்கம் கை நீட்டினார். யார் கை படத்தில் விழுகிறதோ வீடு அந்தக் கட்சி என்று ஆகிவிடும். இருவரும் ரொட்டியை விடவில்லை. இரண்டு பக்கமும் போய்விட்டதால் ஒப்ரெனுக்கே பிடிக்க இடம் இல்லாமல் போயிற்று.

"ரெண்டு பேரும் கையை எடுங்க" என்றார் ஒப்ரென். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான். "முதல்ல வந்தவர்தான் பிடிக்கணும். ஆபீசரே, திரைக்குப் பின்னாலேருந்து வெளிய வாங்க."

த்ராகிஷா வந்தார். ரொட்டியைப் பிடித்தார். இருவரும் மூன்று முறை சுற்றினார்கள். ரசம் சிவப்பாக ரொட்டிக்குள் இறங்கியது. பிய்த்தபோது பெரிய பாதி த்ராகிஷாவின் கையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குக் கண் கலங்கியதை, வெங்காயம் நறுக்கிய வீடு என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சாப்பாடு. சிலர் நாற்காலியில், சிலர் கட்டிலில், சிலர் வாசற்படியில். அண்டா பாதி இறங்கியதும் பேருந்துகளிலிருந்து மற்றவையும் வந்து சேர்ந்தன. சுரங்கக்காரர்களின் உப்புக்கண்டம், பிள்ளைகளின் ஆப்பிள்கள், காவலர் ஒருவருக்கு அவர் மனைவி கட்டிக் கொடுத்திருந்த பாலாடைக்கட்டிப் பணியாரம். வீட்டுக்காரர் அன்று உட்காரக் கூடாது. ஒப்ரென் நின்றுகொண்டே பரிமாறினார்.

"பாப்பா" என்று மிலுன் வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டார், "குளிர்காலத்துல உன் பெல்கிராத் வீட்டுக்குச் சூடு எங்கேருந்து வருது?"

"இங்கேருந்துதான்" என்றாள் துன்யா. "எங்கம்மாவுக்கு இழுப்பும் இங்கேருந்துதான் வருது."

மிலுன் மெல்லுவதை நிறுத்தினார். "என் பையனுக்கும் இருக்கு" என்றார். "ராத்திரியில நெஞ்சு விசில் அடிக்கும்."

"எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?"

"டவுன் டாக்டர். ஆனா சுரங்கத்தை மூடினா அந்த மருந்தை நான் எதை வச்சு வாங்குவேன்? அம்பது வயசுக்காரனுக்கு வேலை யார் தருவா? நீ தருவியா?"

இறைச்சியையே தொடாத துன்யா, அண்டாவிலிருந்து ஒரு கோஸ் சுருளை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "எங்கம்மாவோட டாக்டர் நம்பர் தரேன், மாமா" என்றாள்.

இதற்கிடையில் மேசையின் கோடியில் ஒரு பெரிய சண்டை வெடித்தது. ஒப்ரென் பதறி ஓடினார். நிலக்கரியைப் பற்றி அல்ல. வேகவைத்த கோதுமையை ஏன் வைக்கவில்லை என்று ஒரு சுரங்கக்காரர் கேட்டுவிட்டார்.

"கோதுமை செத்தவங்களுக்கு. அதிதூதர் சாகாதவர். அவருக்கு எப்படி வைக்கிறது?" என்றான் பெல்கிராத் பையன் ஒருவன்.

"எங்க பக்கம் காலங்காலமா வைக்கிறோமே!"

"எங்க பக்கம் வச்சா பாவம்!"

ஐந்து நிமிடத்தில் வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிச் சுரங்கக்காரர்களும் பாதிப் பிள்ளைகளும் கோதுமைக் கட்சி. மீதிப் பேர் எதிர்க்கட்சி. காவலர்களும் பிரிந்துவிட்டார்கள். கேமராக்காரர் கேமராவை வைத்துவிட்டுக் கோதுமைக்காக வாதாடினார்.

ஒப்ரென் கதவோரம் நின்று கேட்டார். எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசி! ஸ்தானாவின் நாற்காலியில் அந்தப் போன் காவலர் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தார். யாராவது உட்கார்ந்திருக்கிறார்களே, அது போதும். ஆனால் மெழுகுவர்த்தி குறைந்துகொண்டே வந்தது. அது அடிவரை எரிந்ததும் இவர்கள் போய்விடுவார்கள். இன்றைக்கு ஒரு நாள். அதற்கு அவர் கொடுத்திருந்த விலை என்னவென்று அவருக்கு மறக்கவில்லை. அதிதூதரின் நாளில் கொடுத்த வாக்கு. ஏமாற்றி வரவழைத்தது போதும். சொல்லையும் மீறினால் அது வேறு பாவம்.

மிலுனுக்கும் அப்போதுதான் வந்த காரியம் நினைவு வந்தது. "சரி, வயிறு நிறைஞ்சுது. இனி அந்தக் கையெழுத்து?"

கோதுமைச் சண்டை நின்றது. கேமரா திரும்பவும் தோளில் ஏறியது.

"தாத்தா, வேண்டாம்" என்றாள் துன்யா. இம்முறை அவள் கத்தவில்லை.

"சொல்லிட்டேம்மா." ஒப்ரென் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். த்ராகிஷாவின் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "ஒரு குறையும் இல்லை, ஆபீசரே. ரொட்டிக்கு ஆள் வேணும்னுதான் அப்படிச் சொன்னேன். வந்தீங்க. பிடிச்சீங்க. வாக்குப்படி நான் போட்டுடறேன். இனிமே நீங்களும் செவ்வாய்க்கிழமை இவ்வளவு தூரம் வந்து அலைய வேண்டியதில்லை." பிறகு சத்தமாக, "காகிதத்தை எடுங்க" என்றார்.

த்ராகிஷா எடுக்கவில்லை. தோல்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம், பெரியவரே. திருநாள்."

"மெழுகுவர்த்தி எரியறப்பவே போடறேன். அதிதூதர் சாட்சி."

"அடுத்த செவ்வாய் பார்க்கலாம்."

"யோவ்!" மிலுன் மேசையைத் தட்டினார். "மனுஷன் போடறேன்னு நிக்கிறார், நீ வேணாங்கறியே! என்ன ஆபீசர்யா நீ? உன் பேரைச் சொல்லு, நாளைக்கே மேலிடத்துல புகார் பண்றேன்!"

"ஏதோ தந்திரம் பண்றாங்க" என்றாள் துன்யா. "காகிதத்துல என்ன இருக்குன்னு எங்களுக்கும் காட்டச் சொல்லுங்க!"

"பையைத் திற!" என்றார்கள் சுரங்கக்காரர்கள்.

"பையைத் திற!" என்றார்கள் பிள்ளைகள். காலையிலிருந்து இரு கட்சியும் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான்.

த்ராகிஷா யாரையும் பார்க்கவில்லை. ஒப்ரெனை மட்டும் பார்த்தார். தோண்டும் இயந்திரம் வாசல் வரை வந்துவிட்ட ஒரு வீட்டுக்காரனைப் போல அவர் முகம் இருந்தது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒப்ரென் யோசித்தார்.

அப்போது, வெளியே வண்டிக்குக் காவல் இருந்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிட வந்த சுரங்கத்துப் பேருந்து ஓட்டுநர், தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"அட, த்ராகிஷா சாரா! அந்த நில ஆபீஸையே இழுத்துப் பூட்டி, உங்களை ரிட்டயர் பண்ணினப்ப, நான்தானே வண்டியில கொண்டுபோய் வீட்டுல விட்டேன், ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னும் யாருக்காக சார் கையெழுத்து வாங்கிட்டிருக்கீங்க?"